முனையிலிருந்து ஒளிக்கு: நல்ல வைரத்தின் இலக்கணம் மாறிய வரலாறு

இந்திய மணிநூல்கள் வைரத்தின் நலத்தை அதன் வடிவிலிருந்தே கணக்கிடத் தொடங்கின. தடையின்றி நன்கு வளர்ந்த வைரப் படிகம் பெரும்பாலும் எண்முகி என்னும் உருவில், அதாவது இரண்டு நாற்கோணக் கூம்புகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டினாற்போல, எட்டு முக்கோண முகங்களும் பன்னிரண்டு விளிம்புகளும் ஆறு கூர்முனைகளும் கொண்டதாக நிலத்தில் கிடைக்கிறது. மனிதக் கை படாமலே இவ்வளவு ஒழுங்குடன் ஒரு கல் மண்ணிலிருந்து வெளிப்படுவது பழங்கால மணிநோக்குநரை வியக்க வைத்திருக்க வேண்டும். அந்த ஒழுங்கு எவ்வளவு சிதையாமல் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கல் உயர்ந்தது என்பதே அவர்களின் முதல் விதியாயிற்று. இன்று மோதிரத்துக்கு வைரம் வாங்குபவர் கேட்கும் பட்டை, நிறம், தெளிவு, எடை என்னும் நான்கில் முதலாவதான பட்டைக்கு அந்த நூல்களில் ஏறக்குறைய இடமே இல்லை. முனையைப் போற்றிய கண் எப்போது, எதனால், முனையை அரைத்து நீக்கி ஒளியைப் போற்றத் தொடங்கியது என்பதே வைரத் தரத்தின் வரலாற்றில் விளக்கம் வேண்டி நிற்கும் கேள்வியாகும்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், அரசனின் கருவூலத்தில் சேர்க்கத்தக்க பொருள்களைப் பேசும் பகுதியில், பருமனும் கனமும் உடையதாய், அடி தாங்குவதாய், முனைகள் ஒத்தமைந்ததாய், பாத்திரத்தில் கீறல் இடவல்லதாய், நூற்கும் கதிர்போலச் சுழல்வதாய், ஒளி மிக்கதாய் உள்ள வைரத்தைச் சிறந்தது என்றும், முனை போனதையும் விளிம்பு அற்றதையும் ஒருபக்கம் சிதைந்ததையும் இழிந்தது என்றும் வகுக்கிறது. சிறந்தது, இழிந்தது என்னும் இரண்டே தட்டுகள். இடையில் படிநிலைகள் இல்லை. அடி தாங்க வேண்டும் என்ற விதி மட்டும் பல நல்ல கற்களின் உயிரைப் பறித்திருக்கக்கூடும். வைரம் கீறலுக்கு அசையாத கடினப்பொருள்தான் என்றாலும், எண்முகியின் முகங்களுக்கு இணையான நான்கு திசைகளில் எளிதில் பிளவுபடும் இயல்புடையது. எனவே உலைக்கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்துப் பார்க்கும் சோதனையில், உரோமில் பிளினி எழுதிய நூலும் அதைப் புகழ்ந்தபோதிலும், மெய்யான வைரமே நொறுங்கும் வாய்ப்பு மிகுதி.

தமிழில் இந்த அறிவு சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் மணி வணிகர் வீதியைக் கூறும் இடத்தில் வெளிப்படுகிறது. காக்கையின் கால்போன்ற பிளவுத் தடமாகிய காகபாதம், கறையாகிய களங்கம், புள்ளியாகிய விந்து, கோடாகிய இரேகை என்னும் நான்கு குற்றங்களும் நீங்கி, நுண்ணிய முனை குன்றாத வைரங்கள் அங்கே விற்கப்பட்டதாக அந்நூல் கூறுகிறது. அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், எட்டுப் பலகை எனப்படும் முகங்கள், ஆறு கோணங்கள், தாரை எனப்படும் விளிம்பு, சுத்தி எனப்படும் தூய்மை முதலான ஐந்தைக் குணமாகவும், கீற்று, துளை, கரி, விந்து, காகபாதம், கோடி இல்லாமை, தாரை மழுங்கல் முதலான பன்னிரண்டைக் குற்றமாகவும் எண்ணும் பழைய இலக்கண மரபை எடுத்துக்காட்டுகிறார். கோடி என்பது இங்கே கூர்முனை. எண்ணிக்கையைக் குறிக்கும் சொல் அன்று. ஐந்து குணங்களில் மூன்று நேரே எண்முகியின் வடிவத்தை வரையறுப்பவை என்பதைக் கருதினால், உரைகாரர் காலத்திலும் படிகவியல்தான் அழகியலாக இருந்தது எனலாம்.

இந்த இலக்கணம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் சான்றாகின்றன. முதலாம் இராசராசன் காலத்தில், ஏறக்குறைய 1010-ஐ ஒட்டி, கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட நகைகளின் விவரம் கல்லில் வெட்டப்பட்டபோது, ஒவ்வொரு நகையிலும் எத்தனை வைரம், அவற்றின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றிக் கணக்கில் எவ்வளவு என்பதோடு, தாரை மழுங்கியவை, தட்டையான சப்படிக் கற்கள், முரிந்தவை, செம்புள்ளியாகிய இரத்தபிந்து உள்ளவை, கரும்புள்ளியாகிய காகபிந்து உள்ளவை, வெந்தாற்போன்ற தோற்றம் உடையவை என்று குறைகளும் சேர்த்தே பதியப்பட்டன. கடவுளுக்குக் கொடுத்த நகையில் குறையுள்ள கல் இருப்பதை மறைக்காமல் கல்வெட்டிலேயே எழுதிவைத்தது வியப்பாகத் தோன்றலாம். ஆயின் அதன் நோக்கம் கணக்கியல் சார்ந்தது. பிற்காலத்தில் எவரேனும் ஒரு கல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் கண்டுபிடிக்க உதவும் அடையாளம் அதன் குறையே. இன்றைய ஆய்வகச் சான்றிதழில் கல்லின் வரைபடம் இட்டு, உள்ளே உள்ள புள்ளிகளையும் கீற்றுகளையும் குறித்துத் தருவதும் அதே காரணத்துக்காகத்தான்.

நிறத்தைப் பொறுத்தவரை மணிநூல்கள் சமூகத்தின் ஏணியை அப்படியே கல்லின்மேல் சாத்தின. வெண்மை அந்தணர்க்கு, செம்மை அரசர்க்கு, மஞ்சள் வணிகர்க்கு, கருமை நான்காம் வருணத்தார்க்கு என்று நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகளோடு வகுக்கப்பட்டது. விலையும் அதே வரிசையில் இறங்கியது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதை எட்டு வெண்கடுகை ஓர் அரிசி எடையாகக் கொண்டு, இருபது அரிசி எடையுள்ள குற்றமற்ற வைரத்துக்கு இரண்டு இலட்சம் காசு என விலை சொல்லி, எடை குறையக் குறைய விலை அதைவிட வேகமாக வீழும் பட்டியலையும் தருகிறது. மகப்பேற்றை விரும்பும் பெண்கள் சில வடிவங்கள் தவிர வேறு வைரம் அணியலாகாது என்பாரும் உளர் என்று அந்நூல் குறிப்பிடுவது, வைரம் எல்லோர்க்கும் ஒத்துக்கொள்ளாது என்றும், வாங்குமுன் சில நாள் வீட்டில் வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இன்றும் நிலவும் வழக்கத்தின் தொன்மையை ஒருவாறு உணர்த்துகிறது.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கலை நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதை விரிவாகச் சொல்பவர், பிரெஞ்சு மணி வணிகர் ழான் பத்தீஸ்த் தவர்னியே. 1676-இல் வெளியான தம் பயண நூலில் அவர் விவரிக்கும் சுரங்கங்களுள் முதன்மையானவை இராமல்லக்கோட்டையும் கிருஷ்ணையாற்றங்கரையிலுள்ள கொல்லூரும் ஆகும். கோல்கொண்டா ஓர் ஆட்சித் தலைநகரே தவிரச் சுரங்கம் அன்று. கொல்லூரில் ஆண், பெண், சிறுவர் என ஏறக்குறைய 60,000 பேர் வேலை செய்ததாக அவர் எழுதுகிறார். ஐரோப்பியர் பகல் வெளிச்சத்தில் கல்லைப் பார்க்க, இந்தியரோ இரவில் பார்த்தனர்: சுவரில் சதுரமாக ஒரு மாடம் குடைந்து, அதில் தடித்த திரியிட்ட விளக்கை ஏற்றி, கல்லை விரலிடுக்கில் பிடித்து அந்த ஒளியில் அதன் நீரோட்டத்தையும் தெளிவையும் கணித்தனர். நீரோட்டம் என்பது முத்துக்கும் மணிக்கும் உள்ளே ஓடுவதாகத் தோன்றும் ஒளியைக் குறிக்கும் தமிழ்ச் சொல். ஐரோப்பிய வணிகரும் வைரத்தின் நிறத்தெளிவை ‘நீர்’ என்றே அழைத்து, முதல் நீர், இரண்டாம் நீர் எனத் தரம் பிரித்தனர். நீலச் சாயல் கலந்த நீரைக் கண்டறிய, இலை அடர்ந்த மரநிழலில் கல்லைப் பிடித்துப் பார்ப்பதும் உண்டு. பத்து முதல் பதினாறு வயது வரையுள்ள வணிகச் சிறுவர்கள் காலைதோறும் ஊர் நடுவிலுள்ள மரத்தடியில் தராசும் எடைக்கற்களுமாக அமர்ந்து கல் வாங்கினர் என்னும் அவர் குறிப்பிலிருந்து, கண் பழகும் வயதிலேயே அவர்கள் தொழிலுக்கு வந்துவிட்டனர் என்பது தெளிவாகிறது.

தவர்னியே தரும் மற்றொரு செய்தி இக்கட்டுரையின் கேள்விக்கு நேரடியாக உதவுகிறது. கல் தூயதாக இருந்தால், எடை குறைந்துவிடும் என்ற அச்சத்தால் இந்தியச் சாணைக்காரர் இயற்கை முகங்களை மெல்லத் தேய்த்துவிட்டு நிறுத்திக்கொள்வர். புள்ளியோ கீற்றோ செம்மணலோ உள்ளே தெரிந்தால்தான் கல் முழுவதும் சிறுசிறு பட்டைகள் இட்டு அக்குறையை மறைப்பர். அதாவது, பட்டை மிகுதி என்பது அன்றைய கோல்கொண்டாவில் பெருமைக்குரியது அன்று. பழகிய வணிகனுக்கு அது ஐயத்தையே தந்தது. செம்புள்ளியைவிடக் கரும்புள்ளியை வணிகர் பொறுத்துக்கொண்டனர் என்றும், செம்புள்ளி இருந்தால் கல்லை நெருப்பில் சுட்டு அதைக் கருமையாக்கினர் என்றும் அவர் எழுதுகிறார். தஞ்சைக் கல்வெட்டு இரத்தபிந்து, காகபிந்து, வெந்தவை என்று மூன்றையும் தனித்தனியே பிரித்தெழுதுவதை இதனோடு வைத்துப் படிக்கும்போது, அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அந்த வழக்கம் தெற்கில் அறியப்பட்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

விலை பேசுதல் வாய் திறவாமலே நடந்தது. விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமர்ந்து, கச்சையின் துணியால் கைகளை மூடிக்கொள்ள, முழுக் கையைப் பற்றினால் ஆயிரம், ஒரு விரலைப் பற்றினால் நூறு, விரலின் நடுக்கணு வரை பற்றினால் ஐம்பது, நுனியைப் பற்றினால் பத்து என்னும் குறிகளால் பேரம் முடிந்தது. சுற்றி நிற்பவருக்குத் தொகை தெரியாது. பெரிய கற்களின் மதிப்பைக் கணக்கிட, எடையை அதே எடையால் பெருக்கி, வரும் எண்ணை ஒரு காரட் கல்லின் விலையால் பெருக்கும் விதியைத் தவர்னியே தருகிறார். ஒரு காரட் தூய கல் அன்றைய பிரெஞ்சு நாணயமான லிவரில் 150 என்றால், 12 காரட் கல்லுக்கு 12-ஐ 12-ஆல் பெருக்கிய 144-ஐ 150-ஆல் பெருக்கி 21,600 லிவர் ஆகும். குறையுள்ள 15 காரட் கல்லுக்கு அடிப்படை விலை 80 எனக் கொண்டு 18,000 லிவர் ஆகும். இந்த விதியில் எடைக்கே ஆட்சி; ஒரு காரட்டை அரைத்து இழப்பது பொருளை அள்ளி வீசுவதற்கு ஒப்பாகும்.

ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் இதே மனப்பான்மைதான் இருந்தது. உரோமர் மோதிரங்களில் இந்திய எண்முகிகள் முனை மேல்நோக்க, தீட்டப்படாமலே பதிக்கப்பட்டன. பின்னர் மேல்முனையை மட்டும் அரைத்துத் தட்டையாக்கும் மேசைப்பட்டை வந்தது. வைரத்தூளும் எண்ணெயும் பூசிய சாணைச் சக்கரம் பரவிய பின் பட்டைகளின் எண்ணிக்கை பெருகி, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ‘பிரில்லியண்ட்’ என்னும் ஒளிப்பட்டை உருவாயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடனக் கூடங்களில் அணியப்படும் நகைக்குப் பளிச்சிடும் ஒளி தேவைப்பட்டது என்பது ஒரு காரணம். 1720-களில் பிரேசிலில் வைரம் கண்டறியப்பட்டுச் சரக்கு பெருகியதால், அரைத்து இழப்பதைத் தாங்கும் வசதி வணிகருக்கு வந்தது என்பதும் அதற்குக் குறையாத காரணமாகும்.

இரண்டு இலக்கணங்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்டது கோகினூர் என்னும் இந்திய வைரத்தின்மேல்தான். ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைப்பற்றிய பின் இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அக்கல் 1851-ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, திரண்டு வந்த மக்கள் அது மங்கிக் கிடப்பதாகக் கூறி ஏமாற்றத்துடன் திரும்பினர். அதைச் சுற்றி எரிவாயு விளக்குகள் ஏற்றியும் பயனில்லை. கல்லின் பருமனை இயன்றவரை காத்துப் பட்டையிட்ட முகலாய மரபு அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது. மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமின் கோஸ்டர் பட்டறையிலிருந்து கைவினைஞர் வரவழைக்கப்பட்டு, நீராவிப் பொறியால் இயங்கும் சாணை அமைக்கப்பட்டு, வெலிங்டன் கோமகன் முதற்பட்டையைத் தொட்டுத் தொடங்கிவைக்க, 38 நாளில், 8,000 பவுன் செலவில் கல் திருத்தப்பட்டது. இன்றைய மெட்ரிக் கணக்கில் 191 காரட்டாக இருந்தது 105.6 காரட்டாகச் சுருங்கிற்று. தவர்னியே தந்த விதிப்படி இது மதிப்பில் மூன்றில் இரு பங்குக்கும் மேலான இழப்பு. விக்டோரியா காலத்துக் கண்ணுக்கோ அது திருத்தம்.

1866-67-இல் தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆற்றங்கரையில் வைரம் கிடைத்து, 1871-இல் கிம்பர்லி திறக்கப்பட்டபோது, அதுவரை அரசரும் பெருஞ்செல்வரும் அணிந்த கல் நடுத்தர வகுப்பாரின் மோதிரத்துக்கும் எட்டியது. சரக்கு வெள்ளமாகப் பெருகி விலை சரியாமல் காக்க 1888-இல் செசில் ரோட்ஸ் டி பியர்ஸ் நிறுவனத்தை அமைத்தார். அக்காலத்தில் நிறத்துக்குப் பெயர் சுரங்கத்தால் வந்தது: நிறமற்றதற்கு ரிவர், அடுத்ததற்கு வெசல்டன், மஞ்சள் தெரிவதற்குக் கேப். நிறமற்று நீலச் சாயல் காட்டுவது ஜாகர். யாகர்ஸ்ஃபொன்டைன் என்னும் சுரங்கத்தின் பெயரின் குறுக்கம் அது.

அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் தமிழ்நாட்டில் ‘புளூ ஜாகர்’ என்ற சொல் மூடப்படவில்லை. ஏழு கல் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் மோதிரத்துக்கும் கல் தேடும் குடும்பங்களுக்கு அது தலைமுறைகளாக உயர்தரத்தின் மறுபெயராக விளங்குகிறது. அந்தக் கல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை வாங்குபவர் கேட்பதும் அரிது. இதன் அறிவியல் அடிப்படை, வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் நீலமாக ஒளிர்வதுதான். நீலம் மஞ்சளை ஈடுசெய்வதால், இளமஞ்சள் கல்லும் பகலில் வெண்மையாகத் தோன்றும். வெயில் மிகுந்த நாட்டில், பகலில் நடக்கும் திருமணங்களில், காதில் அணியும் நகைக்கு இந்தக் குணத்தை விரும்பியது அறிவுடைய தேர்வே எனலாம். அதே குணம் வலுவாக இருக்கும் நிறமற்ற கல்லுக்கு உலகச் சந்தை இன்று விலையைக் குறைக்கிறது. 1997-இல் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் நடத்திய ஆய்வில், பயிற்சியில்லாத பார்வையாளரால் இந்த ஒளிர்வின் விளைவை வேறுபடுத்திக் காண இயலவில்லை என்று வெளிப்பட்ட பின்னும் அந்தத் தள்ளுபடி மறையவில்லை. ஒரே இயல்பு ஓரிடத்தில் குணமாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் எண்ணப்படும்போது, அளவுகோலில் பாதியேனும் கல்லுக்கு வெளியே இருக்கிறது என்பது புலப்படும்.

இருபதாம் நூற்றாண்டு முனையின் ஆட்சியை முற்றிலும் முடித்துவைத்தது. ஆண்ட்வெர்ப் நகர வைரக் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி, 1919-இல் வெளியிட்ட சிறு நூலில் பட்டைகளின் கோணத்தை ஒளிவிலகல் கணக்கால் நிறுவினார். வைரத்தினுள் புகுந்த ஒளி ஏறக்குறைய 24.4 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் உள்முகத்தைத் தொட்டால் வெளியேறாமல் மீண்டும் உள்ளேயே திரும்பும்; இதுவே முழு அக எதிரொளிப்பு. மேற்பகுதி 34.5 பாகையும் அடிப்பகுதி 40.75 பாகையும் சாய்ந்திருந்தால், மேலிருந்து புகுந்த ஒளி இருமுறை திரும்பி மேல்வழியே வெளியேறிக் கண்ணை எட்டும் என்பது அவர் கண்ட முடிவு. அடிப்பகுதி ஆழம் மிகுந்தாலும் குறைந்தாலும் ஒளி கீழே கசிந்து கல் இருளும். மோதிரத்தின் அமைப்பும் இதற்கு ஒத்துழைத்தது: பின்புறம் மூடி, அடியில் மினுக்குத் தகடு வைத்துக் கல்லைப் பதித்த பழைய முறையில் கல்லின் குறையும் நிறமும் தகட்டால் மறைந்தன, 1886-இல் டிஃபனி நிறுவனம் ஆறு கொளுவிகளால் கல்லை வளையத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் மோதிரத்தை அறிமுகப்படுத்தியபோது, அடியிலும் ஒளி புகுந்தது, மறைக்க இடமில்லாத கல்லுக்கு நுணுக்கமான தரப்பகுப்பு தவிர்க்க முடியாததாயிற்று.

அந்தத் தரப்பகுப்பைத் தந்தது, இராபர்ட் ஷிப்லி 1931-இல் தொடங்கிய அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம். ஏ, ஏஏ, ஏஏஏ என்று ஒவ்வொரு கடைக்காரரும் தம் விருப்பப்படி தரம் சொல்லிக் கொண்டிருந்த குழப்பத்திலிருந்து விலகி நிற்பதற்காகவே 1953-இல் அதன் நிற வரிசை டி என்னும் எழுத்திலிருந்து தொடங்கி இசட்டில் முடிந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியின் கீழ் தெரிவதைக் கொண்டு தெளிவும் படிப்படியாகப் பிரிக்கப்பட்டது. முதல் சான்றிதழ் 1955-இல் வெளியாயிற்று. எடை ஏற்கெனவே ஒழுங்காகியிருந்தது: கரோபு விதையின் பெயரால் வழங்கிய, ஊருக்கு ஊர் மாறிய காரட், 1907-இல் 200 மில்லிகிராம் என நிலைநிறுத்தப்பட்டது. நம் மஞ்சாடியும் குன்றியும்கூட விதைகளே. தரப்படுத்த ஓர் அனைத்துலக மாநாடு அவற்றுக்கு வாய்க்கவில்லை. வடிவம் பற்றிய இலக்கணம் வட்டப்பட்டைக்கு மட்டும், அதுவும் 2006-இல்தான், அந்நிறுவனத்தின் சான்றிதழில் முழுத் தரமாக இடம்பெற்றது என்பது விந்தை. மோதிரத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான். வி.வி.எஸ். எனப்படும், மிகமிகச் சிறு குறைகளே உள்ள தெளிவுக்கும் அதற்கு இரண்டு படி கீழுள்ள தெளிவுக்கும் உள்ள வேறுபாட்டை வெறுங்கண் அறியாது. சரியாகப் பட்டையிடாத கல்லின் மந்தத்தைக் குழந்தையும் அறியும். எனினும் எண்ணாலும் எழுத்தாலும் சொல்லத்தக்கதற்கே வாங்குபவர் விலை கொடுக்கிறார்.

1954 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் உயர் அழுத்தத்தில் வைரத்தை உருவாக்கிய பின், அரைநூற்றாண்டு கடந்து, நகைக்கு ஏற்ற ஆய்வக வைரம் கடைகளுக்கு வந்தது. குற்றமற்ற கல்லை வேண்டிய அளவு செய்ய முடியும் என்றானபோது குற்றமின்மையின் அருமை குலைந்தது. 2025-இல் அதே அமெரிக்க நிறுவனம் ஆய்வக வைரங்களுக்கு நிற, தெளிவுப் படிநிலைகளைக் கைவிட்டு, உயர்தரம், பொதுத்தரம் என இரண்டே பிரிவுகள் போதும் என அறிவித்தது. நிலத்தில் விளைந்த கல்லை ஆய்வகக் கல்லிலிருந்து பிரித்தறிய இன்று உதவும் கருவிகளுள் ஒன்று, டி பியர்ஸ் 1990-களில் உருவாக்கிய டைமண்ட்வியூ. குற்றலைப் புறஊதாக் கதிரைக் கல்லின்மேல் பாய்ச்சி, ஒளிரும் வளர்ச்சித் தடங்களை அது படமாக்குகிறது. அழுத்தத்தில் செய்த கல் கனசதுர முகங்களும் எண்முகி முகங்களும் கலந்து வளர்ந்திருக்கும். வாயுவிலிருந்து செய்த கல் தட்டையான விதைத்தகட்டின்மேல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். பட்டை தீட்டியபோது சாணையில் அழிந்துபோன எண்முகியின் முகங்கள் அந்தப் படத்தில் கோடுகளாகத் தென்பட்டால், அக்கல் மண்ணிலிருந்து வந்தது என்று சான்றிதழ் எழுதப்படுகிறது.